பிரதர் பிளாசிதுவின் சேட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த ‘ர’ போடுவது, எந்த ‘ன’ போடுவது என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் அதிகம் எழுதியது உடுப்புகளின் உட்பக்கத்தில் சிவப்பு நூலால் தைத்த இலக்கங்களைத்தான். பிழை கண்ட இடத்தில் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிற ஆசீர்வாதப்பர் சபை மடத்தின் உடுப்பறையில் நான் வேலை செய்தேன். நான் துறவி இல்லை, சம்பளக்காரன். லிங்கநகரில் வீடு, மனைவி, பிள்ளைகள். முதுகு ஏலாமல் போனதால் அறுபது ஆவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன்.

மடத்தின் தலைவரை நாங்கள் பெரிய சுவாமி என்போம். இப்போது இருக்கிற பெரிய சுவாமி வயதில் இளையவர். போன மாதம் வீட்டுக்கு வந்தார். உடுப்பறை அலுமாரி நிறையக் கட்டி வைத்திருக்கிற பழைய உடுப்புகளை அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று இளம் பிரதர்மார் கேட்கிறார்களாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னேன்.

“நியாயம்தான். அது ஏன் இருக்குது எண்டு நீங்கள் ஒருக்கா எழுதித் தாங்கோ சவிரி. நான் சொன்னாப் பிரசங்கமாப் போயிடும்” என்றார்.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. எழுதுவது அதைவிடக் கொஞ்சம் சுலபம். யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

ஒருவர் மடத்தில் சேர வந்தால் உடனே அங்கி கொடுக்கமாட்டார்கள். தான் வந்த உடுப்போடேயே கொஞ்சக்காலம் இருந்து பார்க்க வேண்டும். பிறகு ஒருநாள் கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் அங்கி போடுவார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. பேனை, செருப்பு, கைக்குட்டை எல்லாம் மடத்துடையவை. பெயரும் மாறிவிடும். ஆனால் அவர் வந்தபோது போட்டிருந்த உடுப்பை, சேட்டோ சாரமோ, எறிவதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. கழுவி, தைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி, கட்டி வைக்க வேண்டும். என்றைக்காவது அவர் போக நினைத்தால் போட்டுக்கொண்டு போவதற்கு. மடத்திலேயே இருந்து கிழவராகிக் கண்ணை மூடினால், அடக்கம் முடிந்த பிறகுதான் அந்தப் பொட்டலம் ஏழைகளுக்குப் போகும். இது சபையை நிறுவிய ஆசீர்வாதப்பர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம் என்று சொல்வார்கள். நான் அந்த வழக்கத்துக்கு வேலைக்காரன்.

எனக்கு மேலாளராக இருந்தவர் பிரதர் இஞ்ஞாசி. மெலிந்த, உயரமான மனிதர். இளவாலைப் பக்கத்துக்காரர். முதல் சில மாதங்கள் வெள்ளைத் துணி மட்டும்தான் என்னிடம் தந்தார். பீடத்து விரிப்பு, சாப்பாட்டு மேசைத் துண்டு, தலையணை உறை. மடிக்கப் பழகிய பிறகுதான் அங்கிகள். அதற்கும் பிறகுதான் அலுமாரிப் பூட்டின் திறப்பு.

அவர் ஏசியதே இல்லை. நான் ஒரு துணியை மேசையில் எறிந்தால், வந்து அதை இரண்டு கையாலும் தூக்கி, அதே இடத்தில் மெதுவாகத் திரும்ப வைப்பார். அவ்வளவுதான். வாளியையும் அப்படித்தான் வைப்பார், சத்தம் கேட்காது. மடத்தில் குசினிச் சட்டியையும் பூசைப் பாத்திரத்தையும் ஒரே மாதிரித்தான் கையாள வேண்டும் என்பது ஒழுங்கு. மற்றவர்கள் அதை வாசித்திருந்தார்கள். இவருக்கு அது கையில் இருந்தது.

புதிதாக வந்தவரின் உடுப்பை வாங்கினால் முதலில் சட்டைப்பைகளைப் பார்ப்பார். பஸ் ரிக்கற், வெற்றிலைச் சரை, ஒருமுறை அரைவாசி கடித்த ரொபி இனிப்பு. பிறகு கழுவுவோம். கஞ்சி போடக்கூடாது, பூச்சி வரும். விழுந்த பொத்தானைத் தைத்து, கிழிந்த இடத்தை மூடி, மினுக்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, வேப்பிலை வைத்துக் கட்டுவோம். துறைமுகத்துக் காற்றில் உப்பு அதிகம். மழைக்கால வாடைக் காற்று மாதங்களில் அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கச்சான் காற்று தொடங்கி வெயில் வந்ததும் எல்லாவற்றையும் பின்வளவில் கொடியில் போடுவோம். அன்றைக்குப் பார்த்தால் சாரம், நீளக் களிசான், ரீசேட், ஒரு மீன்காரரின் கட்டைக் காற்சட்டை என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் இறங்கி நிற்பது போல் இருக்கும்.

கொடியில் போடுவது கீழ்த்தட்டுப் பொட்டலங்களைத்தான். அவை புதியவர்களுடையவை. சாகும்வரை இங்கேயே இருப்பேன் என்று கடைசி வார்த்தைப்பாடு கொடுத்த பிரதர்மாருடையவை மேல்தட்டில் இருந்தன. அவற்றைப் பிரதர் இஞ்ஞாசியே இறக்கி, அவிழ்க்காமல், கட்டியபடியே வெயிலில் வைத்து எடுப்பார்.

போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் போவதென்று முடிவானால், காலைச் செபத்துக்குப் பிறகு உடுப்பறைக்கு வருவார். பொட்டலம் மேசையில் தயாராக இருக்கும். அவர் உடுப்பு மாற்றும்வரை நாங்கள் வெளியே நிற்போம். கழற்றிய அங்கியை அவர் வாங்குப் பலகையில் வைப்பார். பிரதர் இஞ்ஞாசி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மடத்து வாசல் படலைவரைக்கும் கூட நடந்து போவார். ஏன் என்று கேட்டதே இல்லை.

“கேட்டா அவன் நிண்டு விளக்கம் சொல்லோணும். பஸ்ஸும் போயிடும்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மூதூரில் இருந்து வந்த ஒருவர் அப்படிக் காலையில் போய், பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மதியத்துக்கு முன்பே திரும்பிப் படலையடியில் நின்றார். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரதர் இஞ்ஞாசி எட்டிப் பார்த்து, “அங்கியை இன்னும் நனைக்கேல்லை, வாங்கோ” என்றார். வேறு ஒரு கதையும் இல்லை. அவர் இன்றைக்கும் அங்கே இருக்கிறார். குசினிப் பொறுப்பு.

இனி நான் எழுத வேண்டியது திரேசம்மா வந்த நாளைப் பற்றி. அது நான் வேலையை விடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது.

காலை வெயிலில் நான் போர்வைகள் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்படலையால் ஒரு வயதான அம்மா வந்தார். கையில் ஒரு பை, காலில் புழுதி.

“தம்பி, இஞ்ச உடுப்புத் தோய்க்கிறது நீங்களோ?”

“ஓம் அம்மா.”

“நான் யூட்டின்ர தாய். புல்மோட்டைப் பக்கமிருந்து வாறன். உங்களுக்கு அவன் பிளாசிது.”

பிரதர் பிளாசிது கடைசி வார்த்தைப்பாடு கொடுத்துப் பல வருடமானவர். தோட்டத்தையும் ஓர்கனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விருந்தினர் அறையில இருங்கோ அம்மா. பிரதரைக் கூப்பிடுறன்.”

“அவனைக் கூப்பிட வேண்டாம். நான் அவனைப் பார்க்க வரேல்லை. அவன்ர சேட்டைப் பார்க்க வந்தனான்.”

எனக்கு விளங்கவில்லை. கொடிக்குக் கீழே நிழலில் அவரை உட்காரவைத்தேன். அவர் சொன்னது இதுதான். அவருக்கு இரண்டு பையன்கள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சேட் தைத்துக் கொடுத்திருந்தார். மூத்தவன் யூட் அந்தச் சேட்டோடு மடத்துக்கு வந்தான். இளையவன் அன்ரன், சண்டைக் காலத்தில், தன்னுடைய அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. எங்கெங்கோ தேடியும் ஒரு தகவலும் இல்லை. இப்போது வடக்கில் ஓரிடத்தில் மண் வெட்டும்போது எலும்புகள் வந்திருக்கின்றன. கூடக் கிடைத்த துணி, செருப்பு, பொத்தான்களை உறவுக்காரர் வந்து பார்க்கலாம் என்று நீதிமன்றம் நாள் குறித்திருந்தது. அடுத்த கிழமை.

“நீலம் எண்டு தெரியும் தம்பி. கோடு போட்டது எண்டும் தெரியும். கோடு என்ன நிறம் எண்டுதான் வருகுதில்லை. கண்ணை மூடினா ஒருநாள் வெள்ளைக் கோடு, ஒருநாள் மஞ்சள் கோடு. நான் தாய். எனக்குத் தெரியோணும்தானே.”

நான் வாளியை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு எதிரே குந்தினேன்.

“பிழையா ஓம் எண்டு சொல்லிட்டா, வேற ஆற்றயோ பிள்ளையைக் கொண்டுவந்து கல்லறையில தாட்டுப்போடுவன். பிழையா இல்லை எண்டு சொல்லிட்டா, என்ர பிள்ளையை அங்கயே விட்டிட்டு வந்திடுவன். யூட் போட்டு வந்த உடுப்பை இஞ்ச கட்டி வச்சிருக்கிறதா அவன்தான் முந்திச் சொன்னவன். ஒருக்காத் தாங்கோ. கொண்டுபோய்ப் பக்கத்தில வச்சுப் பார்த்துப்போட்டுத் தாறன்.”

நான் உள்ளே போய்ப் பிரதர் இஞ்ஞாசியிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி மேல்தட்டிலிருந்து பிளாசிதுவின் பொட்டலத்தை இறக்கி அவிழ்த்தார். அதற்குள் ஒரு கறுப்புக் களிசான் இருந்தது. சேட் இல்லை.

“ஜெறோமுக்குக் குடுத்திட்டன்” என்றார்.

ஜெறோம் என்கிற இளைஞர் இரண்டொரு வருடம் இருந்துவிட்டுப் போனவர். அவர் போனது என் மூத்த மகள் பிறந்த கிழமை, நான் வேலைக்கு வரவில்லை. ஜெறோம் போகிற காலையில் அவருடைய பொட்டலத்தை அவிழ்த்தால், சேட்டை எலி அரித்து வைத்திருந்தது. ஒரு மனிதனைக் கிழிந்த சேட்டோடு ஊருக்கு அனுப்ப இவருக்கு மனமில்லை. அளவு பார்த்து, மேல்தட்டில் கைவைத்திருக்கிறார்.

“பிளாசிது போகமாட்டான் எண்டு எனக்குத் தெரியும் சவிரி. அதுதான் எடுத்தனான்.”

இப்படி ஒரு பிழையை வேறு எங்கேயும் செய்ய ஏலாது. ஒருவர் போகமாட்டார் என்று அவ்வளவு நம்பி, அவர் போகிறதற்கு வைத்திருந்த சேட்டைக் கொடுத்துவிடுவது.

அப்போதைய பெரிய சுவாமி கண்டிப்பானவர். குரலை உயர்த்தமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். எல்லாவற்றையும் கேட்டார்.

“பிளாசிது போகமாட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது பிரதர்?”

“ஒருத்தரும் சொல்லேல்லை சுவாமி. அவன் செபிக்கிறதைப் பார்த்தனான்.”

“நானும்தான் பார்க்கிறன். அதுக்காகப் படலையைப் பூட்டி வைக்க ஏலுமோ? விரும்பி இருக்கிறவன்தான் இஞ்ச இருக்கோணும். அதுக்குத்தானே அந்தச் சேட்.”

பிரதர் இஞ்ஞாசி தலையைக் குனிந்தார். பெரிய சுவாமி கொஞ்சம் இளகி, “அந்த அம்மாவுக்குச் சாப்பாடு குடுங்கோ. ஜெறோம் இப்ப எங்க?” என்று கேட்டார்.

“சீனன்குடாவில தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிறான் எண்டு கேள்வி.”

“சவிரி, நீங்கள் போய்க் கேட்டு வாங்கோ.”

“சுவாமி, எனக்குக் கதைக்க வராது.”

“கதைக்க வேண்டாம். கேட்டாப் போதும்.”

மடத்தில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. வேலையில் எதையாவது உடைத்தாலோ தொலைத்தாலோ, யாரும் கண்டுபிடிக்குமுன் தானே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். கோப்பை உடைத்த இளம் பிரதர்மார் அப்படி முழங்காலில் நிற்பதை நான் பலதரம் பார்த்திருக்கிறேன். அன்று மதியச் சாப்பாட்டில், குசினிக் கதவடியில் நான் என் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கிழவர் எழும்பி நடுவில் வந்து முழங்காலிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் நூல் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள். வாசித்தவர் நிறுத்தினார்.

“பிரதர் பிளாசிது போட்டு வந்த சேட்டை நான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் போகமாட்டார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அது என் வேலை இல்லை. சகோதரர்கள் மன்னிக்க வேண்டும்.”

பிரதர் பிளாசிதுவின் கை கறிக்கு மேலே அப்படியே நின்றது. பெரிய சுவாமி மேசையில் ஒருமுறை தட்டினார். பிரதர் இஞ்ஞாசி எழும்பித் தன் இடத்துக்குப் போனார். வாசிப்புத் தொடர்ந்தது.

நான் சைக்கிளை எடுக்கும்போது பிரதர் பிளாசிது பின்வளவுக்கு வந்தார். தாய் வந்திருப்பதையும் காரணத்தையும் பெரிய சுவாமி அவருக்குச் சொல்லியிருந்தார்.

“சவிரியண்ணை, மெய்யாவே இல்லையோ?”

“இல்லை பிரதர். களிசான் மட்டும்தான் இருக்குது.”

அவர் சிரித்தார். “அப்பா செத்த வருஷம் நான் உங்கட கதவடிக்கு வந்தனான் அண்ணை. கேட்டு வாங்கிக்கொண்டு போயிடுவம் எண்டுதான் வந்தனான். பிரதர் இஞ்ஞாசி குனிஞ்சு எதையோ தைச்சுக்கொண்டிருந்தவர். கேக்க வாய் வரேல்லை. திரும்பிட்டன்.”

“கேட்டிருந்தா?”

“வெறும் மேலோட புல்மோட்டை பஸ் ஏறியிருப்பன்.”

நானும் சிரித்துவிட்டேன். அவர்தான் முதலில் நிறுத்தினார். “எனக்கும் கோட்டின்ர நிறம் ஞாபகமில்லை அண்ணை. அம்மா கேட்டவ. நான் தம்பியின்ர முகத்தைத்தான் நினைச்சு வச்சிருக்கிறன். சேட்டை நினைச்சு வைக்கேல்லை.”

சீனன்குடாச் சந்திக்குக் கிட்ட ஜெறோமின் கடை. நல்ல வயிறு வைத்திருந்தார். என்னைக் கண்டதும், “ஆரு, சவிரியண்ணையோ. உங்களையும் மடத்தால கலைச்சுப்போட்டாங்களோ?” என்றார். தேத்தண்ணி தந்தார். வடை தந்தார். நான் குடித்து முடித்துக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மனைவி ஸ்ரெல்லா அடுப்படியிலிருந்து சொன்னார்: “இந்த அண்ணைக்கு என்னவோ வேணும். பாருங்கோ முகத்தை. பொம்பிளை கேட்டு வந்த ஆள் மாதிரி இருக்கிறார்.”

அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. மடத்தை விட்டு வந்த நாளில் போட்டிருந்த நீலச் சேட் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதோ? அது என்ர இல்லை அண்ணை, இவவின்ர. கேளுங்கோ.”

ஸ்ரெல்லா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “என்னைப் பார்க்க வரேக்க அந்தச் சேட்தான் போட்டுக்கொண்டு வந்தவர். வடிவா மினுக்கி, ஒரு மடிப்பும் இல்லாமல். இப்பிடி உடுக்கிற மனிசன் ஒழுங்கான ஆளாத்தான் இருப்பார் எண்டு ஓம் சொல்லிட்டன். அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் மினுக்கின சேட்டில இவரைக் கண்டதில்லை.”

“நான் செய்த வேலையில்லை, பிரதர் இஞ்ஞாசி செய்தது எண்டு அப்பவே சொல்லியிருக்கிறன்” என்றார் ஜெறோம்.

“கலியாணம் முடிஞ்ச பிறகு சொன்னவர். அதை நான் பெட்டியில வச்சிருக்கிறன் அண்ணை. குடுக்கமாட்டன். ஏன், மடத்தில துணிக்குத் தட்டுப்பாடோ?”

கேட்டால் போதும் என்று பெரிய சுவாமி சொன்னார். ஆனால் போதவில்லை. நான் திரேசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் நிறுத்தாமல் பேசிய நேரங்களில் அதுவும் ஒன்று.

ஸ்ரெல்லா, “அந்த அம்மா இப்ப எங்க?” என்று மட்டும் கேட்டார்.

“மடத்தில வழி பார்த்துக்கொண்டிருக்கிறா.”

அவர் உள்ளே போனார். வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வரும்போது சேட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். “கழுத்துப் பொத்தான் விழுந்திட்டுது. தைக்கவேணும் தைக்கவேணும் எண்டு விட்டிட்டன். எனக்குத் திருப்பித் தர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

விருந்தினர் அறையில் தாயும் மகனும் எதிரெதிரே கதிரையில் இருந்தார்கள். நான் சேட்டை எடுத்துத் தாயின் மடியில் வைத்தேன். நீலத் துணி. கோடு வெள்ளையுமில்லை, மஞ்சளுமில்லை. மெல்லிய சாம்பல் நிறத்தில் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடுகிற கோடு.

“சாம்பல்” என்றார் திரேசம்மா. விரலால் கோட்டைத் தடவினார். “சாம்பலை நான் நினைக்கவே இல்லையே.”

குறித்த நாளில் பிரதர் பிளாசிது தாயோடு போக அனுமதி கிடைத்தது. “இந்தத் தம்பியும் வரட்டும்” என்று தாய் கேட்டதால் நானும் போனேன். விடிய வெளிக்கிட்ட பஸ். வழி முழுக்க அவர் அந்தப் பையை மடியில் வைத்திருந்தார்.

அங்கே கூடாரம் போட்டு நீளமான மேசைகள் வைத்திருந்தார்கள். மேசைகளில் வெள்ளைக் கடதாசி, அதன் மேல் பொருட்கள். வரிசையில் நின்றவர்களில் அநேகம் பேர் பெண்கள். மண்ணுக்குள் இருந்த துணி எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருந்தது. திரேசம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். மூன்றாவது மேசையில் நின்றுவிட்டார். ஒரு சேட்டின் முன்பக்கத் துண்டு. நிறம் போயிருந்தது. ஆனால் கோடு இருப்பது தெரிந்தது. கழுத்துப்பட்டியும் அதே மாதிரி.

பிரதர் பிளாசிதுவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. எனக்கும் அதுதான் என்றே பட்டது.

“ஐயா, பக்கத்தில வச்சுப் பார்க்கலாமோ?” என்று அங்கிருந்த உத்தியோகத்தரைக் கேட்டார் தாய். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். தொடாமல் வைக்கச் சொன்னார். தாய் சேட்டை எடுத்து, மடித்து, அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் கடதாசியில் வைத்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இது ஒற்றைக் கோடு. என்ர பிள்ளைக்கு நான் எடுத்தது இரட்டைக் கோடு. இது அன்ரன்ர இல்லை.”

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். தெளிவாகத் தெரிந்தது.

அவர் அந்த இடத்தை விட்டு உடனே நகரவில்லை. அந்தத் துணித் துண்டுக்கு நேரே காற்றில் சின்னதாக ஒரு சிலுவை அடையாளம் போட்டு, “ஆர் பெத்த பிள்ளையோ” என்றார். மிச்ச மேசைகளையும் முழுதாகப் பார்த்தார். அன்ரனுடையது என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வரும் வழியிலும் தாய் பையை மடியில் வைத்திருந்தார். நிம்மதியா துக்கமா என்று அவர் முகத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது.

பின்னேரம் மடத்துக்கு வந்து சேர்ந்தோம். பிரதர் இஞ்ஞாசி பின்படலையில் நின்றார். எப்போதும் போல ஒன்றும் கேட்கவில்லை. எங்களை உடுப்பறையில் இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்தார். திரேசம்மா குடித்துவிட்டுப் பையை அவரிடம் நீட்டினார்.

“இந்தாங்கோ பிரதர். இதை முந்தி இருந்த இடத்தில வையுங்கோ.”

“வேண்டாம் அம்மா. நீங்களே வச்சிருங்கோ. பெரிய சுவாமியும் அப்பிடித்தான் சொன்னவர்.”

“நான் வச்சிருந்து என்ன செய்ய? இது யூட்டின்ர.”

“அம்மா, நான் ஒரு இடமும் போகேல்லை” என்றார் பிரதர் பிளாசிது கதவடியில் நின்றபடி.

தாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். “நீ போகாத. ஆர் உன்னைப் போகச் சொன்னது? ஆனா ஒரு பிள்ளை வர ஏலாத இடத்தில இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்து எழும்புறன். நீயும் அப்பிடி ஒரு இடத்தில இருக்கிறாய் எண்டு நான் நினைக்கக்கூடாது. நீ விரும்பினா வரலாம், விரும்பித்தான் இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியோணும். அதுக்கு ஒரு சேட் இருக்கட்டும்.”

பிரதர் இஞ்ஞாசி இரண்டு கையாலும் பையை வாங்கினார். சேட்டை எடுத்து விரித்தார். கழுத்துப் பொத்தான் இல்லாததைக் கண்டதும், பொத்தான்கள் போட்டு வைத்திருந்த தகரப் பேணியைக் கவிழ்த்து, அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்தார். அந்த நாட்களில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நூலை நாக்கில் தொட்டு ஊசிக்காதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எழும்புவதற்குள் திரேசம்மா, “இஞ்ச தாங்கோ” என்று வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

பிரதர் இஞ்ஞாசி குனிந்து தைக்கத் தொடங்கினார். தாய் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரதர் பிளாசிது கதவடியிலேயே நின்றார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. தைத்து முடித்து நூலைக் கடித்து அறுத்துவிட்டு, பிரதர் இஞ்ஞாசி சேட்டை மடிக்கவில்லை. மேசையின் மேல், கை எட்டுகிற இடத்தில், அப்படியே விரித்து வைத்தார்.

மாலைச் செபத்துக்கு மணி அடித்தது. பிரதர் பிளாசிது அந்தச் சேட்டைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். பிறகு அங்கியின் கைகளை இறக்கி விட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

சவிரிமுத்து,
லிங்கநகர்.
தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.